லிஃப்ட் மெக்கானிக் வீட்டுப் பச்சை வட்டம்

என் பேத்தியின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறைக்குள் முட்டி போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். வீட்டுக்கு வந்தால் சோப்புத் தூளைக் கொட்டிக் கையில் ஒட்டிய கிரீஸ் மசியைத் தேய்த்துக்கொண்டே கதை அளப்பான்.

"பாட்டி, இன்னிக்கு ஒரு குண்டு மனுஷன் ஏறினதும் பாரம் அதிகம்னு லிஃப்ட் கத்துச்சு. எல்லாரும் அவரையே பார்க்கிறாங்க. அவரு பக்கத்துல நின்ன ஒல்லிப் பொண்ணைப் பார்த்து, 'இறங்கும்மா'ங்கிறாரு!"

பேத்தி சிரித்துச் சுவரில் சாய்வாள். அவன் ஈரக் கையால் அவள் கன்னத்தைத் தட்டுவான். நான் பார்க்காதவள் போல முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மூன்று வருஷம் வீடு அப்படித்தான் இருந்தது.

பிள்ளை இல்லையே என்று அவளுக்கு ஏக்கம். "ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை, பொறுங்க" என்றார் டாக்டர். பொறுக்கவிட்டதா அந்தப் போன்? அவளோடு தையல் கம்பெனியில் வேலை செய்கிற ஒருத்தி, இவள் போனில் 'ஆப்' என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். மாதவிலக்கு நாளை அதில் சொன்னால், அது சேர வேண்டிய நாளைச் சொல்லுமாம். அன்றைக்குப் பச்சை வட்டம் வரும். புருஷன் போனிலும் மணி அடிக்கும். எனக்கு எழுத்துத் தெரியாது, பச்சை தெரியும். தெருவில் வண்டிக்குக் காட்டுகிற பச்சையை மனுஷனுக்கும் காட்டுவார்களா?

"ஏன்டி, ஆசை வந்து கதவைச் சாத்தணும். மணியடிச்சா சாத்துறதுக்கு இது என்ன பள்ளிக்கூடமா?"

"சும்மா இரு பாட்டி. உனக்கு என்ன தெரியும்?"

"ஆறு பெத்தவளுக்குத் தெரியாததா அந்த டப்பாவுக்குத் தெரிஞ்சுடுச்சு?"

கேட்கவில்லை. காலையில் எழுந்ததும் அந்த டப்பா, "எப்படி இருந்தது?" என்று வேறு விசாரிக்குமாம். சிரிக்கிற மூஞ்சி, உம்மென்ற மூஞ்சி, இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும். பெற்ற தாய் கேட்கக் கூசுகிற கேள்வி! அவள் உம்மென்ற மூஞ்சியைத் தொடுவதை ஒருநாள் அவன் பார்த்துவிட்டான்.

"மார்க் போடுறியா எனக்கு?"

அவ்வளவுதான் கேட்டான். அதற்குப் பிறகு சத்தமில்லாமல் கை கழுவினான். கதையும் நின்றது, கன்னத்தைத் தட்டுவதும் நின்றது.

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. போன மாதம் ஒரு மத்தியானம், அவன் டீக்கடையில் இருக்கும்போது போன் 'டிங்' என்றது. பார்க்காமலே கவிழ்த்து வைத்தான். மறுபடி அடித்தது, சத்தத்தை அடைத்துவிட்டான். ஆனால் கம்பெனிக்காரர்கள் லிஃப்ட் பழுதைச் சொல்லி அனுப்பினாலும் அதே 'டிங்'தான். ஐந்தாம் மாடியில் மூன்று பேர் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். சாயங்காலம் சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அஞ்சு தடவை அனுப்பினேன், ஏன்யா பார்க்கலை?"

"இவளோட மணின்னு நினைச்சுட்டேன் சார்."

சூப்பர்வைசருக்குப் புரியவில்லை. ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டுப் போனான். பேத்திக்குப் புரிந்தது. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"என் மணின்னா பார்க்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"என்னைப் பிடிக்கலையா?"

"உன்னைப் பிடிக்குது. அது அடிச்சா ரிப்பேருக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கு. போய்ச் சரி பண்ணிட்டு, காலையில உன்கிட்ட மார்க் வாங்கணும்."

"எனக்கு மட்டும் இனிக்குதா? பச்சையைப் பார்த்தாலே எனக்கும் பயமாத்தான் இருக்கு!"

அட பாவிகளா! இரண்டு பேரும் பயந்துகொண்டே ஒரு வருஷம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்திருக்கிறார்கள்.

அங்கேயே நின்று அந்த ஆப்பை அழித்தாள். போகும்போதும் காரணம் கேட்டது சனியன். கர்ப்பமா, வேறு ஆப்புக்கு மாறிவிட்டீர்களா என்று.

"கிழவி துரத்திட்டான்னு போடு" என்றேன். அதற்கு அதில் இடமில்லையாம்.

நேற்று அவன் கை கழுவும்போது அவளே சோப்புத் தூளைக் கொட்டினாள்.

"அந்தக் குண்டு மனுஷன் இன்னிக்கு வந்தாரா?"

"வரலை."

கை மசி போன பிறகும் அவன் நகரவில்லை, அவளும் தூள் டப்பாவை மூடவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.