தூங்குகிற மணல்

கையெழுத்துப் போட மாட்டேன் என்று என் அக்கா சொன்னபோது, பாய்லர் நின்று இரண்டு நாளாகியிருந்தது. "காற்றைக் குறைத்தது என் தவறு" என்று டைப் அடித்த காகிதத்தை மேனேஜர் அவள் பக்கம் தள்ளினார். போட்டால் எச்சரிக்கையோடு விடுவார்கள். போடாவிட்டால் வேலை போகும்.

"செய்யாத தப்புக்கு நான் எதுக்கு சார் கையெழுத்துப் போடணும்?"

அதே ஆலையில் நான் ஃபிட்டர். கதவருகே நின்ற எனக்கு ரத்தம் கொதித்தது. பதினான்கு வருஷம்! சாம்பல் அள்ளச் சேர்ந்து, பாய்லர் பரீட்சையில் ஒருமுறை கோட்டைவிட்டு, மறுமுறை முட்டிமோதி ஆபரேட்டர் ஆனவள். மாமாகூடக் கிண்டலடிப்பார்: "நான் கத்தினாலும் உங்க அக்கா காதுல விழாது. அந்த அடுப்பு முனகினா மட்டும் எந்திரிச்சு ஓடுவா."

எங்கள் பாய்லரின் அடியில் நூற்றுக்கணக்கான குழாய்முனைகள். அவற்றிலிருந்து பீறிடும் காற்று, மேலே கிடக்கும் மணலைத் தண்ணீர் மாதிரி கொதிக்கவைக்கும். கரி அதில் புரண்டு, கலந்து, சீராக எரிய வேண்டும். காற்று குறைந்தோ, வேறு காரணத்தாலோ ஒரு மூலையில் மணல் அசையாமல் கிடந்தால் போச்சு. கரியும் சாம்பலும் அங்கேயே உருகிப் பாறையாகிவிடும். அந்த மாதம் இரண்டு தடவை அப்படி ஆனது, இரண்டுமே புது மணல் வந்த பிறகு. "சரளைக்கல்லு கலந்திருக்கு சார், சலிக்காம போடாதீங்க" என்று அக்கா முதல் நாளே சொன்னாள். மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் திரையைத் தவிர எதையும் பார்க்காத அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்க்ரீன் சார். திரையில் கல் எங்கே தெரியப்போகிறது!

"பத்து நிமிஷம் குடுங்க" என்றாள் அக்கா. கண்ணாடிக் குழாய் ஒன்றின் அடியில் துணி கட்டி, கீழிருந்து காற்று விட்டாள். பழைய மணலும் கரித்தூளும் குமிழியிட்டுக் கலந்து ஒரே நிறமாயின. கொட்டிவிட்டுப் புது மணலைப் போட்டாள். மேலே ஆட்டம் பாட்டம்தான். சரளைக்கற்கள் மட்டும் ஒவ்வொன்றாக அடிக்கு இறங்கி, அசையாமல் படுத்துவிட்டன.

"பாருங்க, தூங்குது."

"விளையாட்டுச் சாமானை வச்சு எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"அப்ப அடுப்பையே திறந்து பாருங்க. கல்லு இல்லன்னா நானே வீட்டுக்குப் போறேன்."

ஆறிக்கிடந்த அடுப்புக்குள் நான்தான் இறங்கினேன். மூன்று மூலையிலும் நல்ல மணல். மனசு விட்டுப்போச்சு. நாலாவது மூலையில் பாறையை உடைத்துக் கடப்பாரையைக் குத்தினேன், 'ணங்'கென்றது. குழாய்முனைகளுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குச் சரளைக்கல்! ஒரு வாளி அள்ளிவந்து ஸ்க்ரீன் சார் மேஜையில் 'டொம்'மென்று வைத்தேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "சரிம்மா, கையெழுத்து வேண்டாம். காகிதத்தைக் கிழிச்சிடறேன். மணலைச் சலிச்சுப் போட்டு அடுப்பைப் பத்தவை."

"கிழிக்காதீங்க சார். இதோட நகல் மேலிடத்துக்குப் போயிருக்கில்ல?"

"போச்சு… அது கிடக்கட்டும். உன் வேலைதான் இருக்கே!"

"வேலை இருக்கு. பேரு?"

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

புது மணலைச் சலித்துக் கொட்டி முடித்தோம். அக்கா அடுப்பின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆலை முழுக்க நீராவிக்குக் காத்து நின்றது. போன் மேல் போன். "அவசரம்மா" என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். "காகிதத்தைத் திருத்தி மேலிடத்துக்கு அனுப்புங்க, பத்தவைக்கறேன்" என்று பிடித்த பிடியை அவள் விடவில்லை.

கடைசியில் அவரே பேனாவை எடுத்தார். காகிதத்தில் இருந்த வரியைக் கோடு போட்டு நீக்கிவிட்டு, 'பாய்லர் நின்றதற்குக் காரணம் சலிக்காத மணல்' என்று எழுதினார். அக்கா வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"மணல் தானா வந்து விழலியே சார். போடச் சொன்னது யாருன்னும் எழுதுங்க."

எழுதினார். அடியில் கையெழுத்தும் போட்டார்.

அக்கா எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். "டேய், காத்தை விடுடா" என்றாள்.