தாவூதின் பத்து நாட்கள்

ஈரத் துணியைக் கண்களின் மேல் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடி, ஆள்காட்டி விரலால் தரையில் எழுதிக்கொண்டிருந்தார் தாவூது. பக்கத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே மனைவி மலிகா திருத்தினாள்.

"அது ரெண்டு சுழி. இன்னொண்ணு போடுங்க."

"ஒரு சுழிக்கு இவ்ளோ பேஜாராம்மே?"

கல்மண்டபத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. முப்பத்திரண்டு வயது. தண்டையார்பேட்டையில், கப்பல் சாமான்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டிங் வேலை செய்தவர். இரும்பில் விழுந்த விரிசலை, விரிசல் இருந்த இடமே தெரியாமல் ஒட்டிவிடுவார். முன்கை முழுக்கப் பொறி பட்ட தழும்புகள். பேச்சு சத்தமாக இருக்கும். நடை மட்டும் நிதானம். டிராம் கிளம்பிவிட்டாலும் ஓடமாட்டார்.

பஹ்ரைனில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது; பம்பாய் போய்க் கப்பலேற வேண்டும். பட்டறையில் சொல்லிவிட்டு நின்றுவிட்டார்; மறுநாளே அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அதன் பிறகுதான் பாரிமுனையில் கம்பெனி டாக்டரிடம் உடல் பரிசோதனை. இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். கண் சிவந்திருக்கிறது, பத்து நாள் கழித்து வரட்டும், அப்போதும் இப்படியே இருந்தால் பெயரை அடித்துவிடுவோம் என்றார்.

இதை மலிகாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் நான் தவித்தேன். அவரோ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்: "கண்ணு கொஞ்சம் செவந்துகீதாம். பத்து நாள் டைம் குட்த்துகீறாங்க. சோறு போடு."

மறுநாள் மலிகாவின் தாய்மாமா பக்ருதீன் வெங்காயச் சாற்றோடு வந்து நின்றார். "ரெண்டு சொட்டு வுட்டா செவப்பு ஓடியே பூடும்!"

"டாக்டரு மருந்து ஏற்கெனவே உள்ளே கீது மாமு. ரெண்டும் சண்ட போட்டுகினா எங்கண்ணுதான் போவும்" என்று சிரித்தே அனுப்பிவிட்டார்.

வெயிலில் போவதில்லை, அடுப்புப் பக்கம் திரும்புவதில்லை. வேளை தவறாமல் மருந்து. மீதிப் பொழுதுக்குத்தான் இந்த எழுத்துப் பாடம். தாவூது பள்ளிக்கூடம் போனதில்லை. மலிகா ஐந்தாவது வரை படித்தவள். அவள் அவர் உள்ளங்கையில் ஓர் எழுத்தை விரலால் வரைவாள். அவர் அதைத் தரையில் வரைவார்.

"இந்த நேரத்தில் எதற்கு?" என்று கேட்டேன்.

"அங்க போயி, வூட்டு விஷயத்த இன்னொருத்தன்கிட்ட சொல்லியா சார் எழுதறது? இவளுக்கு நான் எழுதறத நடுவுல எவன் படிக்கணும்?"

"பயமாக இல்லையா?"

"பயந்தா செவப்பு கொறையுமா? கொறையும்னா சொல்லு, குந்திகினு பயப்படறேன்."

ஒன்பதாம் நாள் சாக்கட்டி கேட்டு வாங்கி, துணியை எடுக்காமலே 'மலிகா' என்று எழுதினார். ஓர் எழுத்தின் மேல் இன்னொன்று ஏறிக் கிடந்தது. மலிகா அன்று அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு வீட்டைப் பெருக்கினாள்.

திங்கட்கிழமை மூவருமாகப் பாரிமுனைக்குப் போனோம். டாக்டர் வலது கண்ணைப் பார்த்தார், இடது கண்ணைப் பார்த்தார், மறுபடி வலது. எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"இன்னா சார் எழுதிகீறாரு?"

"போகலாமாம்."

தலையை ஆட்டிக்கொண்டார். டாக்டருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு வெளியே வந்தார். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு படியருகே நின்றிருந்த மலிகா எங்கள் முகத்தையே பார்த்தாள்.

"ஆச்சும்மே" என்றார்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "பம்பாய் ரயிலு என்னிக்கு?" என்றாள்.

"புதன்கெயம."

எழுந்தாள். சாலையில் டிராம், கைவண்டி, ஆபீஸ் கூட்டம். தெருவைக் கடப்பதற்காகத் தாவூது அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் சேர்ந்த பிறகும், அத்தனை பேர் பார்க்க, அந்தக் கையை அவர் விடவில்லை.