தங்கத்தூள் தெரியாமல் போன காலை

கிறிஸ்துமஸ் அன்று காலை பதினொன்றரை மணி. சூரியநெல்லிக்கு மேலே ஒரு ரிசார்ட். பார் கவுண்டரில் பன்னிரண்டு கிளாஸ்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குள் தங்கத்தூள் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். ஆனால் கலங்கிய பழுப்பு நீர்தான் இருக்கிறது. மேனேஜர் ஜோஜி சார் ஒரு கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எந்தா மாரி இது? முந்தாநாள் ட்ரையல்ல மின்னுச்சல்லோ. இன்னிக்கு ஓடைத் தண்ணி போல இருக்கு."

டிரிங்கைக் கலந்த முத்துமாரி இன்னொரு கிளாஸை எடுத்துக் கரண்டியால் சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் நின்று கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த எனக்குப் பதில் தெரியும். அந்தக் கலங்கலுக்குக் காரணம் நான். பார் வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

1. மாரியின் சரக்கு

எனக்குச் சொந்த ஊர் சித்தூர் பக்கம் நல்லேப்பிள்ளி. பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு பார் வேலைக்கு வந்தவன். அந்தக் கவுண்டரில் மட்டும் இருபத்தாறு வருடம்.

மாரி எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். ஹோட்டல் டிப்ளமோ முடித்து கான்ட்ராக்டில் வந்திருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு மார்ச்சில் சர்வீஸ் முடிகிறது. முடிந்தால் லயத்து வீட்டை எஸ்டேட்டிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெர்மனென்ட் ஆனால் ரிசார்ட் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். கிறிஸ்துமஸ் பிரஞ்சுக்கு, அதாவது காலையும் மதியமும் சேர்ந்த விருந்துக்கு, அவள் ஒரு புது டிரிங்க் செய்ய வேண்டும். "பிரஞ்ச் டிரிங்க் க்ளிக் ஆனா ஜனவரில பெர்மனென்ட் ஆர்டர் தராம்" என்று ஜோஜி சார் சொல்லியிருந்தார். அதனால் அந்த ஒரு டிரிங்கை அவள் மூன்று வாரம் தட்டித் தட்டிச் சரிசெய்தாள்.

செய்முறை இதுதான். பால் சேர்க்காமல் கடுமையாகக் கொதிக்கவைத்த கட்டன் சாயா. ஏலக்காய் சிரப். துணியில் இரண்டு முறை வடிகட்டிய எலுமிச்சைச் சாறு. ஒயிட் ரம். கடைசியில் கேக்குக்குப் போடும், சாப்பிடக்கூடிய தங்க கிளிட்டர் ஒரு சிட்டிகை. கரண்டியால் ஒரு சுற்று சுற்றினால் கிளாஸ் முழுக்கத் தங்கம் புரளும். ஆனால் திரவம் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்க வேண்டும். கொஞ்சம் கலங்கினாலும் தூள் இருப்பதே தெரியாது.

கடும் சாயா குளிர்ந்தால் கலங்கும். நல்ல தேயிலை என்றால் இன்னும் சீக்கிரம் கலங்கும். மாரிக்குக் காரணம் தெரியாது, வழி தெரியும். டிகாக்‌ஷனை அடுப்போரத் தட்டில் வெதுவெதுப்பாகவே வைத்திருப்பாள். ஆர்டர் வந்த பிறகுதான் ஐஸில் ஊற்றுவாள். கலங்குவதற்குள் கிளாஸ் காலியாகிவிடும்.

காரணம் எனக்குத் தெரியும்: ஆறும்போது தேயிலையின் டானினும் காஃபீனும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரளும். படித்தவன் அல்லவா.

2. அந்த ட்ரையல்

ட்ரையல் அன்று ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் கவுண்டரைச் சுற்றி நின்று போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். இருபத்தாறு வருடத்தில் நான் கலந்த ஒன்றை யாரும் படம் பிடித்ததில்லை. குடித்துவிட்டு "நன்னாயி" என்பார்கள், போய்விடுவார்கள். ஜோஜி சார் என் பக்கம் திரும்பி, "நடராஜேட்டா, இதெல்லாம் ஒண்ணு படிச்சு வெச்சோ" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு அவள் கரண்டி சுற்றும் சத்தம்கூட எனக்கு ஆகவில்லை. கெஸ்ட்டுகள் "அந்தப் பொண்ணு இல்லையா?" என்று கேட்கும்போதெல்லாம், "பிரேக் போயிருக்குதுங்க" என்று பொய் சொன்னேன். அவள் ஸ்டோரில்தான் நிற்பாள்.

கிறிஸ்துமஸ் காலை ஒன்பது மணிக்கு அவள் டேபிள் செட்டப்புக்குப் போனாள். டிகாக்‌ஷன் பாத்திரத்தைத் தூக்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன். பதினொன்றேகாலுக்கு எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். தயங்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தயங்கவில்லை.

3. கேள்வி

அவசரத்தில் ஊற்றிய மாரி, ஜோஜி சார் கேட்ட பிறகுதான் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

"அண்ணாச்சி, இத யாரும் ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சாகளா?"

"நான்தான் வெச்சனம்மா. வெளிய இருந்தா கெட்டுப் போயிருமோன்னு."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ ஜோஜி சாரிடம் திரும்பி, "என் தப்புதான் சார். வெளியதான் இருக்கணும்னு அண்ணாச்சிட்ட நாஞ் சொல்லல. அவுக நல்லதுக்குத்தான் வச்சாக" என்றாள்.

அந்த டிகாக்‌ஷனை மறுபடி அடுப்பில் ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும். அதுவும் எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஜோஜி சார் டிரிங்கை மெனுவிலிருந்து எடுத்துவிட்டு என்னிடம் வழக்கமான பஞ்ச் போடச் சொன்னார். போட்டேன். "நன்னாயி" என்றார்கள்.

ஜனவரியில் ஆர்டர் வரவில்லை. பிப்ரவரியில் கான்ட்ராக்ட் முடிந்து மாரி போய்விட்டாள். ஓய்வு பெற வேண்டிய எனக்கு ஒரு வருடம் எக்ஸ்டென்ஷன் கிடைத்தது.

அடுத்த ஈஸ்டர் பிரஞ்சுக்கு அந்த டிரிங்கை நான் கலந்தேன். அடுப்போரம் வைத்து, வெதுவெதுப்பாக, அவள் செய்தபடியே. தங்கம் புரண்டது. போன்கள் நீண்டன. கொச்சியிலிருந்து வந்த ஒரு அம்மா, "சேட்டன்டெ ஐடியாவாணோ?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். தன் போனில் என்னை எடுத்த படத்தை அவர் காட்டியபோது என்னால் பார்க்க முடியவில்லை.

4. கடிதம்

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின், நடந்ததை ஒன்றும் மறைக்காமல் மாரிக்குக் கடிதம் எழுதினேன். அவள் இப்போது வண்டிப்பெரியாரில் ஒரு ஹோட்டலில் பில் கவுண்டரில் இருக்கிறாள். அப்பா அம்மாவோடு வாடகைக்கு ஒற்றை அறை. பத்து நாள் கழித்து போன் வந்தது.

"லெட்டர் வந்துச்சு அண்ணாச்சி. படிச்சேன்."

"மன்னிச்சிரும்மா."

"மன்னிக்கது கெடக்கட்டும். அத எனக்கு எதுக்கு எழுதுதீக? என் தப்பு இல்லன்னு எனக்கே சொல்லுததுக்கா? ஜோஜி சாருக்குல்லா எழுதணும். அங்க இப்பம் வேகன்சி இருக்காம்."

போனை வைத்துவிட்டாள்.

நான் கற்றது இவ்வளவுதான். செய்த தவறைச் சொல்லும்போது, யாரிடம் சொன்னால் நம் மனம் லேசாகும் என்று பார்க்கக் கூடாது. யாரிடம் சொன்னால் இழந்தவருக்கு இழந்தது திரும்பக் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் யார் முன்னால் நாம் மதிப்போடு நிற்க விரும்புகிறோமோ அவராக இருக்கும். நான் ஜோஜி சாரை விட்டுவிட்டு மாரிக்கு எழுதியது அதனால்தான்.

போன் வந்த அன்று மதியமே ஜோஜி சாருக்கு எழுதினேன். டிரிங்க் யாருடையது என்பதை முதல் வரியில் வைத்தேன்.