சண்டை பிடித்த அன்ரியின் பரிந்துரைக் கடிதம்

நாற்பத்தெட்டு வயதில் எம்.பி.ஏ. படிக்கப் போகிறேன் என்றால் புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த எங்கள் புறநகரான கிரவீனில் என்ன கதைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கணவரைத் தவிர யாரிடமும் வாய் திறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் என் பட்டப்படிப்பு யுத்தத்தால் பாதியில் நின்றது. பட்டம் இல்லாவிட்டாலும் ஆட்களை நிர்வகித்த அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், வீட்டிலிருந்தே ஒன்லைனில் படிக்கலாம் என்று பிரித்தானிய வணிகக் கல்லூரி ஒன்று எழுதியிருந்தது. அந்த வரியை நாலு தரம் வாசித்தேன். இதையும் விட்டால் இனி எனக்குப் படிப்பே இல்லை.

இரண்டு பேர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். நான் ஊழியர்களுக்கு வேலைநேர ரோஸ்டர் போடும் முதியோர் இல்லத்தின் மனேஜர் உடனே சம்மதித்தார். மற்றவர், வேலைக்கு வெளியே நான் ஆட்களை வழிநடத்தியதைக் கண்ணால் கண்டவராக இருக்க வேண்டுமாம். அப்படி ஒரேயொருவர்தான் இருந்தார். அவரோடு எனக்கு எட்டு மாதமாகப் பேச்சில்லை.

கோயில் அன்னதானத்துக்குப் பொறுப்பானவர், எல்லோரும் அன்ரி என்று கூப்பிடும் மூத்த பெண்மணி. ஊரில் பாடசாலை அதிபராக இருந்தவர்; அந்தக் கதிரையிலிருந்து இன்னும் இறங்கவில்லை. திருவிழா அன்று சனம் ஒரே வரிசையில் வெயிலில் காயும். மூன்று மேசை போட்டு மூன்று வரிசையாக்குவோம் என்று இரண்டு வருடம் கேட்டுப் பார்த்தேன். "இது கோயில், உம்மட ஒஃபிஸ் இல்லை" என்பார். மூன்றாம் வருடம் நானே தொண்டர்களைச் சேர்த்து மேசைகளை மாற்றிவிட்டேன். எல்லோருக்கும் முன்னால் என்னை அடங்காப்பிடாரி என்றார். நானும் திருப்பிக் கொடுத்தேன்.

மானத்தை விட்டு ஃபோன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"நான் உள்ளதைத்தான் எழுதுவன்," என்றார் அன்ரி.

"ஓம் அன்ரி."

"கடிதம் எழுதுற லிங்கை அனுப்பும்." வைத்துவிட்டார்.

நேர்முகம் எங்களுக்கு மாலை ஏழு மணிக்கு, பிரித்தானியாவில் அப்போது காலை. மேலே கோட், கீழே வீட்டுப் பாவாடையோடு கம்ப்யூட்டர் முன் இருந்தேன். திரையில் ஒரு பேராசிரியை. "நீங்கள் மிகவும் பிடிவாதக்காரி என்று ஒருவர் எழுதியிருக்கிறாரே?" என்று கேட்டார்.

கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் பொய் சொல்ல வரவில்லை.

"உண்மைதான். குழந்தைகள் பசியோடு வெயிலில் அழுதார்கள். மேசையை மாற்றினேன். இனியும் மாற்றுவேன்," என்றேன்.

அவர் சிரித்தார். "வழக்கமாகக் கடிதங்களை வாசித்துக் காட்டமாட்டோம். இவர் கேட்டிருப்பதால் வாசிக்கிறேன்," என்று தொடங்கினார்.

"மூன்று வருடம் என்னோடு சண்டை பிடித்தாள். என்னைக் கேளாமல் மேசைகளை மாற்றினாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக எல்லாப் பிள்ளைகளும் அழாமல் சாப்பிட்டார்கள். அவள் செய்தது சரி. இதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. தயவுசெய்து நீங்கள் சொல்லிவிடுங்கள்."

கமெரா முன்னாலேயே அழுதேன். வெட்கமாகவே இருக்கவில்லை.

இரண்டு கிழமையில் அனுமதிக் கடிதம் வந்தது. குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று துள்ளினேன். கணவருக்குச் சொல்லமுதல் அன்ரிக்குத்தான் ஃபோன் எடுத்தேன்.

"இடம் கிடைச்சிட்டுது, அன்ரி!"

"கிடைக்கும் எண்டு எனக்குத் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார், "நான் எழுதினதை உமக்குச் சொன்னவையே?"

"ஓம் அன்ரி. சொன்னவை."

"அப்ப சரி. வாற திருவிழாவுக்கு மேசையை நீயே போடு, பிள்ளை. எந்த மேசையில நிண்டு சோறு போடுறதெண்டு எனக்குச் சொல்லு."