மூக்கக்காவும் பத்தாம் நம்பரும்

வாசனைச் சரக்கு தொட்ட ஒரு தாள் பட்டையை மோந்து முடித்து அடுத்ததை எடுப்பதற்கு முன், அவர் இடது முழங்கையை மடக்கி உள்மடிப்பில் மூக்கைப் புதைத்துக்கொள்வார். ஒரே ஒரு மூச்சு. பிறகு கையை இறக்கி, எதுவும் நடக்காதது போல அடுத்த பட்டையை எடுப்பார். ஒரு நாளைக்கு நூறு முறையாவது இது நடக்கும். புதிதாக வருகிறவர்கள் அவர் அழுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்து, தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"அழலை தம்பி. சிலேட்டை அழிக்கிறேன்" என்றார்.

அவரவர் தோலின் வாசனை அவரவர் மூக்குக்குப் பழகிப்போனது. அதை மோந்தால் முந்தைய வாசனை கலைந்து மூக்கு காலியாகிவிடும். முழங்கை மடிப்பில் வியர்வையும் குறைவு, சோப்பும் தங்காது. இருபத்தொரு வருடமாக அவருடைய சிலேட்டுத் துணி அதுதான்.

எங்கள் தொழிற்சாலை வாசனைச் சரக்கு செய்கிறது. மிட்டாய்க்கும் குளிர்பானத்துக்கும் போவது ஒரு வாசல் வழியாக, பாத்திரம் துலக்கும் சோப்புக்கும் தரை துடைக்கும் திரவத்துக்கும் போவது இன்னொரு வாசல் வழியாக. இரண்டு வாசலுக்கும் நடுவில் இருக்கிற அறையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் மோந்து கையெழுத்துப் போடாமல் ஒரு டிரம்கூட வெளியே நகராது. பதவியின் பெயர் வாசனைப் பரிசோதகர். எல்லாருக்கும் அவர் மூக்கக்கா. பின்னால் வைத்த பெயர்தான், இப்போது முன்னாலேயே கூப்பிடுகிறார்கள். மூக்கு என்னவோ சின்னது. அதைப் பார்ப்பதற்கென்றே எட்டிப் பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

பவுடர் கிடையாது, பூ கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது. தண்ணீர் தொட்டுத்தான் தலை வாருவார். மதியம் வரை வெங்காயம் கிடையாது. சென்ட் போட்டுக்கொண்டு வருகிறவர்களை உள்ளே விடமாட்டார். "அங்கேயே நில்லுங்க. நீங்க பேசறது எனக்கு நல்லாவே கேக்குது" என்பார். அப்படிக் கதவருகில் நின்றபடியே ஒரு ஆய்வு அதிகாரி தன் ஆய்வை முழுவதுமாக நடத்தி முடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவரோடு ஒரு தங்கை இருக்கிறார். தையல்காரர். வீட்டில் அக்காவுக்கு மரியாதை கொஞ்சம் குறைவுதான். "அடுப்புல பால் தீயும், இவ அசைய மாட்டா. நாலாவது வீட்டுல எவளாவது பவுடர் டப்பாவத் திறந்தா இங்க தும்முவா. இதுக்கு ஒரு வேலை, அதுக்கு ஒரு நாற்காலி" என்று ஒருநாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். மூக்கக்கா மறுக்கவில்லை. "நாற்காலிக்குக் கை வச்சிருக்கு" என்று மட்டும் திருத்தினார்.

நான் அவர் பக்கத்து மேஜையில் பதிவேடு எழுதுகிறவன். அவர் சொல்வதை எழுதுவேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அதிகம் வந்துபோனது பத்தாம் நம்பர்தான்.

அதன் சரியான பெயர் டெக்கனல். ஆல்டிஹைடு என்கிற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் எத்தனை கார்பன் அணு வரிசையாகக் கோத்திருக்கிறதோ அதுதான் எங்கள் இடத்தில் பெயர். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. பத்து பார்ப்பதற்குத் தண்ணீர். டிரம்மைத் திறந்து அப்படியே மோந்தால் அணைத்த மெழுகுவர்த்தி, கொழுப்பு, சலவைக் கட்டி எல்லாம் சேர்ந்து கன்னத்தில் அறையும். அதையே ஆயிரத்தில் ஒரு பங்காக ஸ்பிரிட்டில் கரைத்து, தாளில் தொட்டு, ஸ்பிரிட் ஆறிப்போக இரண்டு நிமிடம் விட்டு மோந்தால், பக்கத்து அறையில் யாரோ ஆரஞ்சு உரிக்கிறார்கள். உண்மையான ஆரஞ்சுத் தோலிலும் இது இருக்கிறது. மல்லித் தழையிலும் இருக்கிறது. மல்லித் தழையைத் தொட்டாலே சோப்பு சோப்பு என்று முகம் சுளிக்கிறவர்கள் இதைத்தான் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மூடி சரியில்லாமல் காற்று பட்டால் மெல்லப் புளித்து ஆட்டு வாடைக்குப் போய்விடும்.

"கிட்டப் போனா சோப்பு, தள்ளி நின்னா ஆரஞ்சு. சொந்தக்காரங்க மாதிரி" என்பார் அக்கா.

வாங்குகிறவர்களைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு. "சோப்புக்காரன் 'ஆகா, ஆரஞ்சு மாதிரி இருக்கு'ன்னு வாங்குவான். மிட்டாய்க்காரன் 'ஐயோ, சோப்பு மாதிரி இருக்கு'ன்னு திருப்புவான். சரக்கு ஒண்ணுதான்."

இரண்டரை வருடம் முன்பு அவருக்குக் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள் வரவில்லை. வந்த அன்று வரிசையாக எல்லாவற்றையும் மோந்து சொல்லிக்கொண்டே வந்தார், நான் எழுதிக்கொண்டே வந்தேன். பத்தாம் நம்பரில் நின்றுவிட்டார். பட்டை, முழங்கை, பட்டை. மறுபடி முழங்கை. பிறகு பட்டையை என் பக்கம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பாருங்க தம்பி. என்ன வருது?"

எனக்கு அவ்வளவு பக்கத்தில் யாராவது எதையாவது நீட்டினாலே நேராகப் பேச வராது. "மழைக்கு ஜன்னல் சாத்தின அறையில, யாரோ ஆரஞ்சு தின்னுட்டுப் போன மாதிரி இருக்குக்கா" என்றேன்.

"அழகா இருக்கு. ஃபாரத்துல அவ்வளவு இடம் இல்ல. 'சரி'ன்னு எழுதுங்க."

மறுநாள் லாரி ஓட்டுநரிடம் நீட்டினார். அதற்கு மறுநாள் கேன்டீன்காரரிடம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் கேட்கவில்லை. அவராகவே ஒருநாள் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒன்பது திரும்பி வந்துடுச்சு. பதினொண்ணும் வந்துடுச்சு. பத்து மட்டும் வரலை. முன்பல்லு ஒண்ணு விழுந்த மாதிரி காத்து அடிக்குது."

எங்கள் மேனேஜர் விதிகளால் ஆன மனிதர். சுவரில் இருபத்தாறு விதிகள் ஒட்டியிருக்கின்றன, எல்லாம் அவரே தட்டச்சு செய்தவை. பதினான்காவது விதி: பட்டியலில் உள்ள எந்தவொரு சரக்கின் வாசனையும் தெரியாத பரிசோதகர் லேபிள் பிரிவுக்கு மாற்றப்படுவார். அது அக்காவின் நாற்காலிக்கு நேர் எதிரே ஒட்டப்பட்டிருந்தது.

லேபிள் அறையில் பசை காயும் நாற்றம் எந்நேரமும் இருக்கும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியாது. அக்காவுக்குத் தெரியும். "அங்க போனா நான் என்ன பண்ணுவேன் தம்பி? நாலு மூலைக்கு நாலு லேபிள் ஒட்டுவேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் இவகிட்ட என்னத்தைச் சொல்வேன்?" இவள் என்பது தங்கை. அவர் கவலை என்று வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அதன்பின் நான்கு மூக்குகளை வைத்து வேலை நடந்தது. ஓட்டுநர், கேன்டீன்காரர், வாசல் காவலர், நான். மற்ற மூவருக்கும் காரணம் தெரியாது. அக்கா எல்லாரையும் மதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஓட்டுநர் சிகரெட்காரர். எதை நீட்டினாலும் "நல்லாருக்குக்கா" என்பார். "அவர் நல்லாருக்குன்னா கணக்குல சேராது. நல்லா இல்லைன்னு சொல்லிட்டார்னா டிரம்மைத் திருப்பி அனுப்பிடலாம்" என்பார் அக்கா. கேன்டீன்காரர் எதிலும் பசியைத்தான் மோந்தார். என் பதிலில் பாதியை அக்கா கழித்துவிடுவார். நம்பகமான மூக்கு காவலருடையதுதான். அவருக்கு அலங்காரம் தெரியாது. நல்ல சரக்கு என்றால் "எங்க வீட்ல தரை துடைச்ச மாதிரி இருக்கு" என்பார். இல்லையென்றால் "வேற ஏதோ இருக்கு" என்பார். வேறு ஏதோ இருக்கும்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. பிறகு ஒரு மிட்டாய்க் கம்பெனியிலிருந்து பன்னிரண்டு டிரம் திரும்பி வந்தது. எல்லாம் பத்தாம் நம்பர், ஸ்பிரிட்டில் கரைத்து நாங்கள் அனுப்பியது. கூடவே ஒரு வரிக் கடிதம்: சோப்பு வாடை, பரிசோதித்தவரை விசாரிக்கவும். பின்னாலேயே அவர்களுடைய கொள்முதல் அதிகாரி நேரில் வருவதாகத் தகவல் வந்தது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு பேட்சிலும் ஒரு புட்டி எடுத்துக் குளிர்ந்த அலமாரியில் வைத்துவிடுவோம். தகராறு வந்தால் இரண்டு தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அந்தப் புட்டியை மோந்து, அவரவர் அபிப்பிராயத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பரிசோதகர் கடைசியாகச் சொல்லுவார். அவர் சொன்னதைப் பதிவேட்டில் எழுதியதும் கணக்கு முடிந்தது. காவலரையோ ஓட்டுநரையோ அந்த மேஜைக்குக் கூப்பிட முடியாது.

காலை பதினொரு மணிக்கு உட்கார்ந்தோம். மிட்டாய்க் கம்பெனிக்காரர் பெரிய மனிதர், பெரிய கைக்குட்டை. சென்ட் போட்டிருந்தார். அக்கா அன்று அவரைக் கதவருகில் நிறுத்தவில்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

அக்கா பக்கத்துச் சின்ன அறைக்குப் போய் நான்கு பட்டைகளைத் தோய்த்துக்கொண்டு வந்தார். ஆளுக்கொன்று. ஸ்பிரிட் ஆறட்டும் என்று இரண்டு நிமிடம் காத்திருந்தோம்.

வந்தவர் கண்ணை மூடி மோந்தார். "சோப்பு. சந்தேகமே வேணாம். குழந்தை வாயில போட்டா நுரைதான் வரும்."

மேனேஜர் மோந்தார். "ஆரஞ்சு இருக்கு. லேசா... சோப்பும் இருக்கிற மாதிரி இருக்கு."

என் முறை. எனக்குத் தெளிவாக ஆரஞ்சுத் தோல் வந்தது. காய்ந்த ஆரஞ்சுத் தோல். அப்படியே சொன்னேன்.

அக்கா பட்டையை மூக்கருகே வைத்தார். முழங்கைக்குப் போனார். திரும்ப வந்தார். அவர் "ஆரஞ்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பட்டையை மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு ஒண்ணுமே வரலைங்க."

பேனா என் கையில் இருந்தது. எழுதவில்லை. மேனேஜர் அவரையே பார்த்தார். வந்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இவங்களைத்தான் மூக்குன்னு சொன்னீங்களா சார்? நாங்கதான் பாவம், இந்த மூக்கை நம்பி மிட்டாய் பண்ணிட்டு இருக்கோம்!"

அந்தச் சமயத்தில் காவலர் உள்ளே வந்தார். வந்தவருடைய கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றதாம், சாவி கேட்க வந்தார். அக்கா மேஜையில் வைத்த பட்டையைப் பார்த்தார். இரண்டு வருடப் பழக்கம். யாரும் கேட்காமலேயே எடுத்து மோந்தார். திருப்பி மோந்தார்.

"என்னக்கா, இன்னும் தோய்க்கலையா? வெறும் தாளா இருக்கே."

மற்ற மூன்று பட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். "இதுவும் தாளு. இதுவும் தாளு. இதுல மட்டும் சாரோட சென்ட்டு."

மேனேஜர் எழுந்து சின்ன அறைக்குப் போனார். அக்கா பட்டை தோய்த்த பழுப்புப் புட்டியுடன் வந்தார். சாம்பிள் புட்டியைப் போலவேதான் இருந்தது. ஸ்பிரிட் பட்டு லேபிளின் மை முழுக்க ஓடியிருந்தது. திறந்து காவலரிடம் நீட்டினார்.

"வெறும் ஸ்பிரிட் சார். கை கழுவறது."

மேனேஜர் புட்டியை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் அவரிடம் பார்த்திராத ஒரு சிரிப்போடு வந்தவர் பக்கம் திரும்பினார். "எங்க அக்கா டெஸ்ட் இப்படித்தான் சார் இருக்கும். முதல்ல சரக்கை மோக்க மாட்டாங்க. மோக்கறவங்களை மோந்து பாத்துடுவாங்க. இப்ப நிஜ சாம்பிளைக் கொண்டு வரச் சொல்லட்டுமா?"

வந்தவருக்கு இரண்டு நாளாக ஜலதோஷம் என்று அப்போது தெரியவந்தது. கைக்குட்டை அதற்குத்தானாம். டிரம்கள் பன்னிரண்டும் அவர் கம்பெனி லாரியிலேயே திரும்பிப் போயின. அன்று மாலை நிஜ சாம்பிளைக் காவலரிடம் காட்டினோம். எங்க வீட்ல தரை துடைச்ச மாதிரி இருக்கு என்றார்.

அக்காவின் புகழ் இரண்டு வாசல் வழியாகவும் வெளியே போனது. வெற்றுத் தாளைக் கொடுத்து ஒரு கம்பெனியையே மடக்கியவர் என்று மற்ற தொழிற்சாலைக்காரர்கள்கூடச் சொல்கிறார்கள். தங்கை கேட்டுவிட்டு, "இவளா?" என்றாராம். என்னுடைய காய்ந்த ஆரஞ்சுத் தோலைப் பற்றி யாரும் பேசவில்லை, அதற்கு நான் நன்றியுள்ளவன். "எப்படிக்கா உங்களுக்கு அப்படி ஒரு யோசனை தோணுச்சு?" என்று நானே ஒருமுறை கேட்டேன். அவர் முழங்கையை மடக்கி ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "அடுத்த நம்பர் எழுதுங்க தம்பி" என்றார்.

அடுத்த வாரம் சுவரில் இருபத்தேழாவது விதி வந்தது. பத்தாம் நம்பருக்கு மட்டும் இனி இரண்டு கையெழுத்து. இரண்டாவது, வாசல் காவலருடையது. காரணம் போடவில்லை. காவலர் ஒரு பேனா வாங்கிச் சட்டையில் செருகிக்கொண்டார். பதினான்காவது விதி இருந்த இடத்தில் நாட்காட்டி தொங்குகிறது.

சென்ற மாதம் அலுவலகத்துத் தட்டச்சுக்கார அம்மா விடுப்பில் போனபோது அவருடைய கோப்புகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாறுதல் விண்ணப்பங்கள் என்ற கோப்பில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. அக்காவின் கையெழுத்து. அந்த மிட்டாய்க் கம்பெனிக்காரர் வந்த நாளின் தேதி. "பத்தாம் நம்பர் வாசனை எனக்கு இரண்டு வருடமாகத் தெரிவதில்லை. இன்று பதினொரு மணிக்கு எல்லார் முன்னாலும் அதைச் சொல்லிவிடுகிறேன். லேபிள் அறைக்கு மாற்றிவிடவும்." கீழே ஓரத்தில் மேனேஜரின் சுருக்கொப்பம். பக்கத்தில் அவர் எழுத்தில்: பார்த்தேன், காலை 9.10.