வாய்க்கால் கரையில் மூன்று கழிகள்

ஒலிவாங்கிகளை வரிசையாக நட்டு, ஒரு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கணக்கிடுவதுதான் இன்று என் உத்தியோகம். அந்த வேலையை முதன்முதலில் செய்தபோது எனக்கு எட்டு வயது. கையில் ஒரு மூங்கில் கழி இருந்தது, அவ்வளவுதான்.

ஆட்சி மாறிவிட்டது, இனி நம்ம காலம் என்று எங்கள் தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மிராசுதாருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலும். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்கு அவர் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கினார். தை மாதத்து விடியலில் அப்பாவும் மற்ற ஆண்களும் மறிக்கப் போனார்கள். அடிதடியாகி எல்லோரும் சிதறி ஓடினார்கள். அப்பா வீடு திரும்பவில்லை.

நீட்டிய கை தெரியாத பனி. வயல் பக்கமிருந்து யாரோ கூவுவது கேட்டது. அப்பாதான் என்று நான் அழத் தொடங்கினேன். அம்மா மூன்று கழிகளை எடுத்துக்கொண்டாள். வாய்க்கால் கரையில் என்னை ஒரு கோடியிலும், அப்பாவின் தங்கையான அத்தையை நடுவிலும் நிறுத்திவிட்டு, தான் மறுகோடிக்குப் போனாள்.

"சத்தம் வர்ற பக்கமாக் கழியக் கீழ வையி. திரும்பக் கேட்டா சரி பாத்துக்க. கேக்கலன்னா தொடாத."

விளைந்த சம்பா இடுப்பளவு நின்றது. பனியில் அதற்குள் இறங்கினால் திசை தப்பிவிடும். வெயில் வரும்வரை அந்தக் குரல் தாங்காது என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். அப்படித்தான் ஆயிற்று. பனி விலகியபோது குரல் நின்றுபோயிருந்தது.

அம்மா என் கழிக்குப் பின்னால் குந்தி, அது காட்டிய திக்கைப் பார்த்தாள். என்னுடையதும் அவளுடையதும் பம்ப்செட்டை ஒட்டிய வயலில் போய்க் கூடின. அத்தையுடையது ஆற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

"வேணாம் அண்ணி. வீட்டுக்குப் போயிருவோம்," என்றாள் அத்தை.

"கூப்புட்டுக்கிட்டே கெடந்தானே," என்றாள் அம்மா.

அப்பாவை அம்மா ஒருநாளும் அவன் இவன் என்று பேசியதில்லை. எனக்கு அது உறைக்கவில்லை.

நெல்லுக்குள் வெளியூர் ஆள் ஒருவர் தொடையில் அரிவாள் வெட்டோடு கிடந்தார். அது அப்பா இல்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா முந்தானையைக் கிழித்துக் காயத்தைக் கட்டி, மாட்டுவண்டியில் ஏற்றிக் கும்பகோணத்துக்கு அனுப்பினாள். அவர் பிழைத்துக்கொண்டார். வெட்டியது யார் என்று போலீசிடம் சொன்னார். ஒளிந்திருந்த அப்பாவைப் பிடித்துப் போனார்கள். அவர் சிறையிலிருந்து திரும்பியபோது நான் வயதுக்கு வந்திருந்தேன்.

அப்பாவைக் கொண்டுபோன அன்று சாயங்காலம், நீ மட்டும் கழியைத் தப்பாக வைத்துவிட்டாய் என்று அத்தையிடம் சொன்னேன்.

"எனக்கும் காது கேக்கும்டி," என்றாள்.

அது அண்ணனின் குரல் இல்லை என்று முதல் கூவலிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. நானோ, அத்தை வீம்புக்குப் பேசுகிறாள் என்று நினைத்து, அடுப்படியில் கிடந்த விறகொன்றை எடுத்து, அந்த வயல் இருக்கும் திசைக்குத் திருப்பி, எப்படி வைத்திருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.