முத்துக் கவுண்டர் வண்டியில் எடுத்த ஆட்டம்

ரிப்பேர் முடித்துக் கொடுத்த மறுநாள் காலை, வண்டிக்காரர் என்னிடம் வந்து அதைப் பழையபடி கெடுத்துத் தரச் சொன்னார். மெக்கானிக் வேலையில் எனக்கு அப்படி ஒரு கிராக்கி அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

யுத்த காலம். நான் புதுச்சத்திரம் ரோட்டோரப் புளியமரத்தடியில் பட்டறை போட்டிருந்தேன். பட்டறை என்றால் ஒரு சாக்கு, ஒரு ஜாக்கி, கொஞ்சம் ஸ்பானர். நாலாம் வகுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பியவன் நான். மதுரை, கோலார், கோயமுத்தூர் என்று பஸ் ஷெட்டுகளில் படுத்து எழுந்து தொழில் பழகினேன். ரிப்பேருக்கு வண்டி வந்தால் அதன் பின்தட்டில் தூங்குவேன். வராத நாளில் சாக்கு.

முத்துக் கவுண்டர் உழவு மாட்டை விற்று ஒரு பழைய காரை வாங்கினார். பின்பாதியை வெட்டிப் பலகை அடித்துப் பிக்கப் ஆக்கி, வெண்ணந்தூர்ச் சேலை மூட்டைகளைச் சேலத்துக்கு ஏற்றிப் போவார். "பாருங்க, மறுபடியும் மாட்டுச் சந்தைக்குத்தான் வருவாரு" என்று அவர் மச்சினர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சேலத்து மோட்டார் இன்ஸ்பெக்டர் பாஸ் போடாவிட்டால் வண்டி ரோட்டில் ஓட முடியாது. மச்சினர் வாக்கு பலித்துவிடும். ஸ்டியரிங்கோ கால் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும்.

நல்லம்மாள் ஸ்டியரிங் பிடித்தது

முதலில் ஸ்டியரிங் பாக்ஸைத் திருகி இறுக்கிப் பார்த்தேன். நேராகப் போகும்போது நன்றாக இருந்தது. வளைவில் இறுகிப் பிடித்துக்கொண்டது. தேய்ந்த பாக்ஸ் அப்படித்தான் செய்யும். திருகியதைத் தளர்த்தி விட்டேன். ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆட்ட வேண்டும், ஒருவர் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். கவுண்டர் மூட்டை பேச வெண்ணந்தூர் போயிருந்தார். கஞ்சி கொண்டுவந்த அவர் மனைவி நல்லம்மாளைக் கேட்டேன்.

"நானுங்களா?" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். "இப்பிடி ஆட்டினாப் போதுமுங்களா?"

"அவ்வளவு வேண்டாமுங்க அம்மிணி. மெதுவா, இங்கிட்டும் அங்கிட்டும்."

"இதுக்குத்தானா உங்க கவுண்டரு ராத்திரியானா தோள்பட்டை நோகுதுன்னு எண்ணெய் தேய்க்கச் சொல்றாரு?"

நான் சிரித்ததில் கண்ணில் மண் விழுந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால் குற்றவாளி தெரிந்தான். பாக்ஸை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் பிடித்திருந்த போல்ட்டுகளின் ஓட்டைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்து, பாக்ஸ் முழுவதுமே ஆடியது. போதாததற்கு, முன்சக்கரங்களை இணைக்கிற டிராக் ராடின் பால் ஜாயின்ட்டில் கிண்ணம் தேய்ந்து, குண்டு உள்ளே உருண்டது. புது ஜாயின்ட் கிடைக்கிற காலமா அது? ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்துப் பருத்த போல்ட் போட்டேன். ராசிபுரத்துக் கொல்லரிடம் உட்கார்ந்து புதுக் கிண்ணம் அடித்துப் பதம் ஏற்றி மாட்டினேன். ஸ்டியரிங்கைத் தொட்டால் சக்கரம் திரும்பியது.

கவுண்டரின் வேண்டுகோள்

மறுநாள் சோதனை. விடிந்ததும் கவுண்டர் வண்டியை எடுத்து ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். பம்பரில் சோளத்தட்டு தொங்கியது.

"ஏனுங்க மேஸ்திரி, இது நம்ம வண்டியே இல்லீங்க. யாரு வீட்டுத் தட்டுப்போருலயோ கொண்டு போய் ஏத்திருச்சு."

"வண்டி ஏத்தலீங்க. நீங்க ஏத்தினீங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பழையபடி கொஞ்சம் லூஸ் பண்ணி உட்டுருங்க. ரொம்ப வேண்டாம். கைக்குப் பேச்சுத்துணையாட்டம் கொஞ்சம் இருந்தாப் போதும்."

விஷயம் புரிந்தது. ஆட்டமுள்ள ஸ்டியரிங்கை நேராக வைக்க வலமும் இடமும் ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் கை அதையே ஓட்டுவது என்று படித்து வைத்திருந்தது. இப்போது அந்த ஆட்டமெல்லாம் நேரே சக்கரத்துக்குப் போனது. லூஸாக விட்டால் இன்ஸ்பெக்டர் வண்டியைத் தள்ளுவார். இப்படியே போனால் கவுண்டரைத் தள்ளுவார்.

"லூஸ் பண்ண மாட்டேனுங்க. ஏறுங்க, போற வழியில பழகிக்கலாம்" என்றேன்.

வழியில் பனமரத்துப்பட்டி ஏரி வற்றிக் கிடந்தது. அதற்குள் வண்டியை இறக்கச் சொன்னேன். இடிக்க அங்கே எதுவும் இல்லை. வண்டி பாம்பு மாதிரி நெளிந்து போன தடம் மண்ணில் அழகாக விழுந்தது. "ரெண்டு விரல்ல பிடிங்க" என்று சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. "நுகத்தடிக்குப் புது மாடு வந்திருக்குது, கயித்தை வெடுக்குனு இழுக்காதீங்க" என்றேன். அதற்குப் பிறகு தடம் நேரானது. மாட்டுக்குச் சொல்வது போல் அவர் "ஹை, ஹை" என்று முனகியதை நான் தடுக்கவில்லை.

ஊதச் சொன்னார்

சேலத்தில் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நான் பின்தட்டில். கடைவீதி வரை பிழையில்லை. எதிரே ஒரு ஜட்கா வந்ததும் கவுண்டரின் கைக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. ஜட்காக்காரர் குதிரையோடு சாக்கடைப் பக்கம் ஒதுங்கி, கவுண்டரின் பரம்பரையையே விசாரித்தார்.

"நிறுத்துய்யா! குடிச்சிருக்கியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

எங்கள் ஜில்லாவில் அப்போது மதுவிலக்கு. பாஸ் போவது மட்டுமில்லை, ஆளும் உள்ளே போக வேண்டியதுதான். கவுண்டர் கள்ளைக் கையாலும் தொடாதவர். முகம் வெளுத்துவிட்டது.

"ஊது."

ஊதினார். இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினார். காலையில் பழைய சோற்றோடு கடித்த சின்ன வெங்காயம்.

அவர் கவுண்டரை இறக்கிவிட்டுத் தானே ஓட்டினார். வண்டி நூல் பிடித்தாற்போல் போய்த் திரும்பி வந்தது.

"வண்டிக்கு ஒண்ணுமில்லையே. இந்த ஆளுக்கு என்ன?"

"நேத்துத்தானுங்க வண்டி ஆட்டத்தை எடுத்தேன். கையிலே இருக்கிற ஆட்டம் இன்னும் போகலீங்க."

அவர் மீசைக்குள் சிரித்தார். பாஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நீ ஓட்டு. இவர் கையைக் கட்டிக்கிட்டு வரட்டும்" என்றார். கவுண்டர் நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

வாசலில் நல்லம்மாள் காத்திருந்தார். "என்னாச்சுங்க?"

"வண்டி பாஸு. நாந்தான் பெயிலு."

"அப்ப நாளைக்கு நான் ஓட்டட்டுங்களா? எனக்குத்தான் பழைய பழக்கம் ஒண்ணும் இல்லியே."

 அடுத்த நடைக்கு மூட்டை ஏற்றியபோது நல்லம்மாளும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கவுண்டரின் கை ஆடும்போதெல்லாம் முழங்கையில் ஒரு தட்டு. மச்சினர் வீட்டைத் தாண்டும்போது வண்டி நேராகத்தான் போனது, நான் பார்த்தேன்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஸ்டியரிங்குக்கு இரண்டு முனை. சக்கரம் இருக்கிற முனையை மட்டும் சரிபார்த்துவிட்டு ஸ்பானரைத் துடைத்து வைக்காதே.